மேல் மாடிப் பிரசவ வார்டு

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் ஒரு கட்டட மேஸ்திரி பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர் என்னைப் பெரிய அனுபவசாலி என்பதாகச் சொன்னார். அது பாதிதான் நிஜம். நான் முப்பத்திரண்டு வருஷம் கட்டட மேஸ்திரி வேலை பார்த்தவன். சிமெண்டு எவ்வளவு, கம்பி எவ்வளவு, தளம் எத்தனை அங்குலம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். அதைத் தவிர பிரசங்கம் செய்யும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த ஊர் ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையம் கட்டப் போகிறார்கள் என்றும், அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்றும் காரியதரிசி பிடிவாதம் செய்ததால் வந்து நிற்கிறேன். நான் சொல்வது உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். படாவிட்டால் இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சுமார் இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஊரில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி எழுப்பும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஊர் பெயர் வேண்டாம். அந்த மாடியில் பிரசவ வார்டு வைப்பது என்று ஏற்பாடு. மாடி என்றால் காற்று வரும், சத்தம் இருக்காது, ஆண்கள் நடமாட்டம் குறைவு என்று காரணம் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அங்கே துணி மடித்து, பெட்பான் கழுவும் ஒரு ஆயா இருந்தார். ஒரு நாள் நான் சாரத்தில் நிற்கும்போது கீழே இருந்து கூப்பிட்டு, "மேஸ்திரி, பச்சை உடம்புக்காரிகளை அங்கே போடாதீங்க. சாயங்காலம் ஆனா அந்தச் சுவரிலே கை வைக்க முடியாது. நான் பதினாறு வருஷமா பழைய மாடியிலே துணி மடிச்சவ" என்று சொன்னார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "பிளான் போட்டவர் இஞ்சினியர், நீ போய் அவரிடம் சொல்" என்றேன். அவர் எங்கே போய்ச் சொல்வார்? இஞ்சினியர் வந்தால் அவர் வாசலில் ஒதுங்கி நிற்க வேண்டியவர்.

இதோடு போகவில்லை. கான்கிரீட் தளத்துக்கு மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்று எஸ்டிமேட்டில் இருந்தது. பணம் தீர்ந்துவிட்டது என்று காண்ட்ராக்டர் அதை விட்டுவிட்டார். எனக்குத் தெரியும். என் கூலி வந்துவிட்டது; வாயை மூடிக்கொண்டேன்.

மறு வருஷம் சித்திரையில் அந்த வார்டில் இருந்த தாய்மார்கள் கட்டிலை விட்டுவிட்டுக் கீழே தாழ்வாரத்தில் கோரைப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு பிள்ளை இறந்து போயிற்று. அது வெயிலால்தான் இறந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஏனெனில் அங்கே யாரும் கணக்கு வைக்கவில்லை. புத்தகத்தில் "காய்ச்சல்" என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிட்டார்கள். வீட்டார், "கொடுத்து வைக்கவில்லை" என்று சொல்லிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆயா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தோழர்களே! கான்கிரீட் தளம் என்பது பகலில் தின்றதை ராத்திரியில் கக்குகிற வஸ்து. மத்தியானம் தளத்தின் மேல் விழுந்த உஷ்ணம் உடனே கீழே இறங்குவதில்லை. ஐந்தங்குல கனத்தைத் தாண்டி வர அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியில் பொழுது சாய்ந்து காற்று வீசுகிற சமயத்தில்தான் உள்ளே கட்டிலில் கிடப்பவர் தலையில் அது இறங்க ஆரம்பிக்கும். காலையில் பத்து மணிக்குக் காரில் வந்து "காற்றோட்டமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு இது எப்படித் தெரியும்? ராத்திரி எட்டு மணிக்கு அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். அப்படி இருப்பவர்கள் பிள்ளை பெற்றவள், அவள் தாயார், நர்சு, ஆயா ஆகிய நான்கு பேரே. பிளான் போடும் மேஜைக்கு இந்த நான்கு பேரில் ஒருவரையாவது எந்தக் காலத்திலாவது கூப்பிட்டதுண்டா?

நான் செய்தது தப்பு என்பது எனக்கே வெகு நாள் நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது. குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் நடந்த காரியத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2010-ம் வருஷம் மே மாதம் அந்த ஊரில் வெயில் 46.8 டிகிரி வரை ஏறியது. அந்த மாதத்தில் வழக்கமாக 3118 பேர் இறக்கக்கூடிய ஊரில் 4462 பேர் இறந்தார்கள். அதாவது ஒரே மாதத்தில் 1344 பேர் அதிகம். ஒரு பாலம் இடிந்து இத்தனை பேர் செத்திருந்தால் தேசமே அலறியிருக்கும். வெயில் என்பதால் சத்தமில்லாமல் போய்விட்டது. வெயிலில் சாகிறவர்களில் பெரும்பாலோருக்கு "வெயில்" என்று யாரும் எழுதுவதில்லை. மாரடைப்பு என்றும், வயோதிகம் என்றும் எழுதுகிறார்கள். மொத்தச் சாவையும் முந்திய வருஷங்களின் சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள்தான் இந்த 1344-ஐக் கண்டுபிடித்தார்கள்.

நிற்க. அதே ஊரில் ஏ.சி. இல்லாத ஒரு பொது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. நம்முடைய அதே புத்திசாலித்தனம்! பச்சிளங்குழந்தைகளைத் தீவிர சிகிச்சை அறையில் சேர்க்கும் வைத்தியர்கள், அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் உஷ்ணத்தால் மட்டும் எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்று எண்ணினார்கள். 24 பிள்ளைகள். அதற்கு முந்திய வருஷம் 8. வெயில் 42 டிகிரிக்கு மேல் போனால், ஒவ்வொரு டிகிரிக்கும் இப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகள் 43 சதவிகிதம் அதிகமாகிறார்கள் என்றும் கண்டார்கள். அந்த வெயில் காலத்துக்குப் பிறகு வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். 2011-ல் எண்ணிக்கை 4.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "2010 போன்ற வெயில் 2011-ல் இல்லையே, வெயில் குறைந்ததால் நோயும் குறைந்திருக்கலாமே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆராய்ந்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். வெயிலின் பங்கு எவ்வளவு, மாடியின் பங்கு எவ்வளவு என்று கணக்கில் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு. வார்டைக் கீழே கொண்டுவந்தது தனியாகவே குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று தெரிந்தது. புது மருந்து வாங்கவில்லை. புது யந்திரம் வாங்கவில்லை. கட்டிலைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். என் ஆயா பதினாறு வருஷம் துணி மடித்து அறிந்ததை அவர்கள் மூன்று வருஷக் கணக்கில் எழுதிக் காட்டினார்கள். அந்த ஆயாவிடம் கணக்குப் புத்தகம் இல்லை. கணக்குப் புத்தகம் இருந்தவர்கள் அவரிடம் கேட்கவில்லை.

2013-ல் அந்த நகரம் வெயிலுக்கென்று ஒரு திட்டமே போட்டது. 45 டிகிரி எட்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளில் தயார் நிலை, தண்ணீர்ப் பந்தல் இப்படியாக. அதன் பிறகு வருஷத்துக்குச் சராசரி 1190 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ல் ஒரு மதிப்புப் போட்டிருக்கிறார்கள். மதிப்புதான், ஆனாலும் தலையெழுத்து என்று எழுதி வைத்திருந்தால் அது ஒரு காகிதத் திட்டத்துக்கா பயந்து ஓடும்?

பெற்றவர்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது, காற்று கருப்பு அண்டும் என்று ஜன்னலைச் சாத்துகிறோம். சித்திரை வெயிலில் தாய்க்குக் காதில் பஞ்சும் தலையில் துணியும். பிள்ளைக்கு மூன்று சுற்றுத் துணி, மேலே ஒரு குல்லாய். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல வியர்த்துக் குளிரத் தெரியாது. தாகம் என்று கேட்கத் தெரியாது. அதற்குத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. அடிக்கடி தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். தாய் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் அவள் பாடும் கஷ்டம். மேலே தளம் கக்குகிறது, கீழே கிழவி துணி சுற்றுகிறாள், நடுவில் அது என்ன செய்யும்?

இதில் ஒரு வேடிக்கை. கட்டடம் கட்டுகிறவர்கள் யாரையுமே கேட்பதில்லை என்று சொன்னால் அது பொய். வாஸ்துக்காரனைக் கேட்கிறார்கள்! ஈசானி மூலை எது, வாசல் எந்தத் திக்கு என்று அவனுக்குப் பணமும் பழமும் கொடுத்துக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அவன் சொன்னதற்காக இரண்டு தடவை சுவரை இடித்துக் கட்டியிருக்கிறேன். மேற்கு வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணி வரை அடிக்கிறது என்று சும்மா சொல்லத் தயாராக இருக்கும் மனுஷியைக் கேட்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, "இதெல்லாம் எதற்கு, ஏ.சி. போட்டுவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லுவார்கள். ஆபரேஷன் அறைக்கும், குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கும் அறைக்கும் அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற இடமெல்லாம் அதையே நம்பிக் கண்ணாடிப் பெட்டி போலக் கட்டிவிட்டால் மின்சாரம் நின்ற அன்றைக்கு என்ன கதி? எல்லோரும் ஏ.சி. ஓட்டுகிற கொடும் வெயில் நாளில்தானே மின்சாரம் நிற்கிறது? தவிர, அந்த யந்திரம் உள்ளே இருக்கும் உஷ்ணத்தை அழித்துவிடுவதில்லை, வெளியே தள்ளுகிறது. வெளியே யார் இருக்கிறார்கள்? தகரக் கூரை போட்ட வீட்டுக்காரர்கள். அதற்குத் தகரக் கூரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டுவானேன்?

தகரக் கூரை என்றதும் ஞாபகம் வருகிறது. அகமதாபாத்திலேயே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்று ஒரு ஸ்தாபனம் 1994 முதல் இருக்கிறது. சேவா என்னும் உழைக்கும் பெண்களின் சங்கத்திலிருந்து கிளைத்தது. தையல், ஊதுபத்தி உருட்டல், பட்டம் ஒட்டல் என்று வீட்டுக்குள்ளேயே கூலி வேலை செய்யும் பெண்கள் அந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு வீடுதான் தொழிற்சாலை. ஆகவே கூரை கொதித்தால் உடம்பும் போகிறது, கூலியும் போகிறது. அந்தப் பெண்களையே கூட்டி உட்கார வைத்து, எந்த நேரம் எந்த மூலை தாங்க முடியவில்லை என்று கேட்டு, கூரையில் வெள்ளைப் பூச்சுப் பூசிப் பார்த்தார்கள். 2017-ல் நகரசபையும் சேர்ந்து சுமார் 3000 கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. வெள்ளை அடித்தால் உள்ளே சில டிகிரி குறையும் என்பது எந்தக் கொத்தனுக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய வைப்பதுதான் கஷ்டம்.

இதுவரை வெயிலைச் சொன்னேன். தண்ணீர் வந்தால் கதை தலைகீழாகிவிடும். 2012 அக்டோபரில் அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்தில் சாண்டி என்ற புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. அங்கே நியூயார்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த மிகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மின்சாரம் நின்று, அதற்குப் பதிலாக வைத்திருந்த ஏற்பாடும் நின்றுபோய்விட்டது, நிலவறையில் வெள்ளம். சுமார் 300 நோயாளிகளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றினார்கள். இருபது பச்சைக் குழந்தைகளை நர்சுகள் ஒன்பது மாடி இருட்டுப் படியில் மார்பில் அணைத்துக்கொண்டு, சிலதுக்குக் கையாலேயே பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு இறக்கினார்கள். பணக்கார தேசம், பணக்கார ஊர்! 2015 டிசம்பரில் நம் சென்னையில் அடையாறு பெருகியபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்; ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்களும் தப்பவில்லை.

ஆகவே வெயிலுக்குக் கீழே வை என்று நான் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் தரை மட்டத்தில் வார்டு கட்டினால் அதுவும் கொலைதான். எது மட்டும் தண்ணீர் வரும் என்று தெரிந்து, அதற்கு மேலே தரையை உயர்த்தி, அதற்கும் மேலே மின்சாரப் பெட்டியையும் மருந்தையும் வைத்து, பிறகு கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை தடுப்பு உண்டாக்கலாம் என்று பார்க்க வேண்டும். எது மட்டும் தண்ணீர் வரும் என்பது எந்த ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது? ஏரிக்கரையில் ஒரு அம்மாளிடம் போன வாரம் கேட்டேன். எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்து, "இதுவரை" என்று காட்டினார். என் இடுப்புக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இஞ்சினியர் பிளானில் தரை உயரம் இரண்டடி.

ஹைதி என்று ஒரு சிறு தேசம். அமெரிக்காக் கண்டத்துப் பக்கம் தீவில் இருக்கிறது. அடிமைப்பட்டிருந்த கறுப்பு மக்களே எழும்பி 1804-ல் சுதந்திரம் வாங்கிய தேசம். 2010 ஜனவரியில் அங்கே பூகம்பம். அக்டோபரில் காலரா. அந்தக் காலராவை யார் கொண்டுவந்தார்கள்? உதவி செய்ய வந்த ஐக்கிய நாடுகள் சபைப் படையின் முகாமிலிருந்து மலக் கழிவு ஆற்றில் கலந்தது. அதிலிருந்து ஊரெல்லாம் பரவியது. தனக்கு அதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள அந்தச் சபைக்கு 2016 வரை பிடித்தது. தலைநகரான போர்ட்டோ பிரின்ஸில், கடலோரத் தாழ்வான குடிசைப் பகுதிக்குப் பக்கத்தில் கெஸ்கியோ என்ற வைத்திய ஸ்தாபனம் கூடாரங்களில் காலராக்காரர்களைப் பார்த்தது. கூடாரம் என்றால் உள்ளே வேகும். 2015-ல் நிரந்தரக் கட்டடம் எழும்பியது. உள்ளூர்த் தகர வேலைக்காரர்களே ஆயிரக்கணக்கான துளைகள் இட்ட உலோகத் தடுப்புகளைச் செய்தார்கள். காற்றும் வெளிச்சமும் வரும், உள்ளே கிடப்பவர் மானமும் காக்கப்படும். காலராக்காரரின் கழிவை அங்கேயே சுத்தப்படுத்திய பிறகுதான் வெளியே விடுவது என்று தரைக்குக் கீழே தொட்டி கட்டினார்கள். கழிவால் வந்த வியாதியைப் பார்க்கும் ஆஸ்பத்திரியே பக்கத்துக் குடிசைக்கு வியாதியை அனுப்பக் கூடாதல்லவா? பிற்பாடு அந்த வட்டாரத்தை ஆயுதக் கும்பல்கள் பிடித்துக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல கட்டடம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

இனி, கேட்பது என்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பொதுக் கூட்டம் போட்டு, மேடையில் பிளானைத் தொங்கவிட்டு, "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்குவது கேட்பதாகாது. பிளான் காகிதம் நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. வேலை நாளில் கூப்பிட்டால் அன்றாடம் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். வந்தால் அன்று அடுப்பு எரியாது. ஆண்கள் நிற்கும் இடத்தில் பெண்கள் கழிப்பறையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கழிப்பறை இல்லாத ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண், வெளிக்குப் போக நேரும் என்று பயந்து விடிகாலை முதல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சீட்டு வரிசையில் வெயிலில் நிற்கிறாள். மயங்கி விழுந்தால் "ரத்தம் குறைவு" என்கிறார்கள். கழிப்பறையும் நிழலும் குறைவு என்று யாராவது எழுதினார்களா?

கேட்டால் எல்லாம் சரியாகவே சொல்லிவிடுவார்கள் என்பதும் இல்லை. ஏரிக்கரையில் சில வாலிபர்கள் கண்ணாடி முகப்பு வேண்டும், தனியார் ஆஸ்பத்திரி மாதிரி பளபளப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். நான் கோபப்படவில்லை. எங்களுக்கென்றால் மட்டமாகத்தான் கட்டுவார்கள் என்ற மனப்புண்தான் அப்படிப் பேச வைக்கிறது. மேற்கே கண்ணாடி வைத்தால் என்ன ஆகும் என்று, வெயிலில் நின்ற ஒரு வேனுக்குள் அவர்களை உட்கார வைத்துக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டார்கள். அதேபோல் நான் எதிரெதிர் ஜன்னல் என்று பெருமையாகச் சொன்னதற்கு, ஒரு நர்சம்மாள், "ஏரிக்கரைக் கொசுவுக்கு ஆறு மணிக்கே சாத்திவிடுவார்கள், வலை போட்டால்தான் திறந்திருக்கும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கப் போன பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கே இப்படி ஒரு அனுபவம் உண்டு. 1855-ல் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றுக்கு வழி விட்ட பிறகு சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் சிப்பாய்கள் காயத்தால் சாகவில்லை, கட்டடத்தால்தான் செத்தார்கள் என்பது அவருக்கு முழுதும் தெளிவானது, ஊர் திரும்பி வில்லியம் ஃபார் என்ற புள்ளிக் கணக்கு நிபுணருடன் உட்கார்ந்து சாவுக் கணக்கைப் பார்த்த பிறகுதான். அதன் பிறகு வாழ்நாள் எல்லாம் ஜன்னலுக்கும் சாக்கடைக்கும் வாதாடினார்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரை நிலையத்துக்கு இன்னும் கடைக்கால் தோண்டவில்லை. தோண்டிய பிறகு பேசிப் பிரயோஜனமில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், அந்த இடத்துக்கு நான் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியோடு போகிறேன். பிளானில் உள்ளபடி அறை, வராந்தா, படி, கழிப்பறை எல்லாவற்றையும் தரையில் முழு அளவில் கோடு போடுவேன். காகிதம் புரியாதவருக்கும் தரையில் போட்ட கோடு புரியும். பிள்ளைத்தாச்சிகள் அதில் நடந்து பார்க்கட்டும். கிழவர்கள் எங்கே உட்காருவது என்று காட்டட்டும். வரிசை நிற்கும் இடத்தில் இருக்கிற வேப்ப மரத்தை வெட்ட வேண்டும் என்று பிளானில் இருக்கிறது. அதை யாராவது சுற்றி நின்று பார்க்கட்டும். பெண்களுக்கு மட்டும் தனியாக ஒன்பது மணிக்கு. ஆண்கள் அப்போது டீக்கடைக்குப் போய்விட வேண்டும். வார்டு இன்ஸ்பெக்டருக்கும் உதவி இஞ்சினியருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. தண்ணீர் மட்டம் காட்டிய அம்மாள் வருகிறார். பஸ் செலவுக்குக் கொடுத்து அந்தப் பழைய ஆயாவையும் அழைத்திருக்கிறேன். இப்போது வயது எழுபதுக்கு மேல். வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் மாடிப்படி இருந்தால் ஏற மாட்டாராம்.